அடைப்புக்கு ஆளுக்கொரு காரணம்

காப்புக் கயிற்றை யார் அவிழ்ப்பது என்று முடிவாவதற்குள் அரங்கநாதனின் கை விறைத்துவிட்டது. கூடத்தில் பெஞ்சின்மேல் கிடத்தி, நெற்றியில் ஒற்றை ரூபாயை ஒட்டியாயிற்று. வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு மட்டும் அப்படியே இருந்தது. தீமிதிக்காகத் திரௌபதியம்மன் கோயிலில் கட்டிக்கொண்ட காப்பு. தீ மிதித்து முடித்த பிறகு பூசாரிதான் அதை அவிழ்க்க வேண்டும். பூசாரியோ, விழாக் காலத்தில் சாவு வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஆள் சொல்லி அனுப்பிவிட்டார். காப்போடு எடுத்துப்போனால் ஊருக்கு ஆகாது என்று ஒரு கட்சி. அவிழ்த்தால் அவிழ்த்தவனுக்கு ஆகாது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் பக்கத்து வீட்டிலிருந்து வந்த காபியைக் குடித்துக்கொண்டே பேசினார்கள்.

ரஞ்சிதம் எழுந்தாள். உள்ளே போய்க் காய் நறுக்கும் கத்தியோடு வந்தாள். புருஷனின் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்து, கயிற்றுக்கு அடியில் கத்தியை நுழைத்து, ஒரே இழுப்பில் அறுத்தாள். கோயில் நாட்டாமை தங்கராஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னாம்மா இப்டி பண்ணிட்ட?"

"எவ்ளோ நேரம் பேசுவீங்க? எனக்கு ஆகாததுன்னு இனிமே இன்னா இருக்குது?"

"அதுக்கில்ல. கூத்து நடக்குற ஊரு. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும். இப்பவே சொல்லிட்டேன்."

"எடுத்துக்கலாம். எம்புள்ள வரட்டும்."

மகன் சேரன் சென்னையிலிருந்து கார் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். திண்டிவனம் தாண்டிவிட்டதாக இப்போதுதான் போன் வந்தது. அவன் வருவதற்குள் இவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் ரஞ்சிதத்துக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. வந்தவர்களில் செத்தவருக்காக வருத்தப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. எல்லாருக்கும் ஒரே கேள்வி. ஸ்டென்ட் வைத்தவர் எப்படிச் சாகலாம்?

செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு ஸ்டென்ட் என்ற சொல்லைக் கொண்டுவந்து சேர்த்ததே அரங்கநாதன்தான். போன வருஷம் நெஞ்சு வலி வந்து, புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் அடைத்த ரத்தக்குழாய்க்குள் அந்தக் கம்பிக் குழலை வைத்துக்கொண்டு வந்தார். வந்த மறுவாரத்திலிருந்து தம்பட்டம் ஆரம்பித்துவிட்டது. கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற தன் கடைக்கு வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து, செல்போனில் தன் நெஞ்சுக்குள் எடுத்த படத்தைப் போட்டுக்காட்டுவார். "பாரு, இங்கதான் அடைப்பு. இப்ப பாரு, எப்டி ஓடுது!" காயில் கருகிய மோட்டாரைத் தோளில் சுமந்துவந்த விவசாயி, தண்ணீரில்லாமல் வாடும் பயிரை நினைத்துக்கொண்டு, இவர் ரத்தம் ஓடுவதைப் பார்த்துத் தலையாட்டவேண்டும். "போர்க் கெணத்துல மண்ணு சரியாம கேசிங் பைப்பு எறக்கறதில்ல? அதுமாரிதான். இனிமே சரியவே சரியாது" என்பார். மூன்றாம் மாதம் ராஜகிரிக் கோட்டை உச்சிவரை ஏறி, பீரங்கிமேல் கைவைத்துப் படம் எடுத்து ஊருக்கே அனுப்பினார். பீடியும் பழையபடி மடியில் ஏறிக்கொண்டது. "பைப்புதான் புச்சாச்சே" என்று அதற்கு ஒரு நியாயம் வேறு. ரஞ்சிதம் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

வருஷம் திரும்புவதற்குள், கோட்டை உச்சிக்கு ஏறிய அதே மனிதர் கடைக்குப் போகிற மேட்டில் ஏற முடியாமல் நடுவில் நின்றார். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வார். யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு. ரஞ்சிதம்தான் இழுத்துக்கொண்டு மறுபடி புதுச்சேரிக்குப் போனாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"கேசிங் பைப்புக்கு உயிர் கிடையாது. உங்க ரத்தக்குழாய்க்கு இருக்குது. வச்ச கம்பிமேலயே சதை வளந்து மறுபடி சுருங்குது. சக்கரை ஏறிக் கெடக்குது, பீடிய விடல. குழாயே உங்களுக்குச் சன்னம், வச்ச ஸ்டென்ட்டும் நீளம். இதுல எது பண்ணிச்சுன்னு பிரிச்சிச் சொல்ல முடியாது. சீக்கிரமா வந்து படுங்க, திருப்பிப் பாக்கணும். அதுவரைக்கும் மாத்திரை மட்டும் ஒரு வேளைகூட நிக்கக்கூடாது. நின்னா ரத்தம் கட்டிக்கும்."

டாக்டர் பேசியபோது அரங்கநாதன் ஏசி மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "எந்தக் கம்பெனின்னு பாத்தியா? சத்தமே இல்ல" என்றார். இந்த மனிதரோடுதான் முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணியிருக்கிறோம் என்று பஸ்ஸில் வரும்போது ரஞ்சிதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது அவர் தலைமாட்டில் ராமகிருஷ்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். அவர் நெஞ்சில் ஸ்டென்ட் மூன்று. அரங்கநாதனுக்கு ஒன்றுதான் என்பதில் அவருக்கு எப்போதும் ஒரு மிதப்பு.

"எனக்கு வச்சது மருந்து தடவுன ஸ்டென்ட். சதை வளரவே வுடாது. இவுருக்கு வச்சது வெறுங்கம்பியோ இன்னாவோ. நான் அப்பவே கேட்டேன், இன்னா டைப்புன்னு. வெள்ளி மாரி பளபளன்னு இருக்குதுன்னாரு. அத வச்சி இன்னா தெரியும்?"

"இவுருக்கும் மருந்து தடவுனதுதான்" என்றாள் ரஞ்சிதம்.

"அப்ப எப்டி அடைச்சிக்கும்?" ராமகிருஷ்ணனின் குரலில் பயம் எட்டிப்பார்த்தது. தன் சட்டைமேல் கை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் காரணம் தேடிய வேகமே வேறாகிவிட்டது. அரங்கநாதன் எதனால் செத்தார் என்பது அவருக்குத் தன் உயிர்ப் பிரச்சினை. தன்னிடம் இல்லாத ஒரு காரணம் கிடைத்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

அந்தக் காரணத்தைத் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தவள் செல்லம்மாள். அரங்கநாதனின் அக்காள். தொண்டூரில் கட்டிக்கொடுத்தது. திருவிழாவுக்கு வந்து, சாவுக்கும் இருந்துவிட்டாள். ஒப்பாரியில் கெட்டிக்காரி என்று சுற்றுவட்டாரத்தில் பேர். அவள் மார்பில் அடித்துக்கொண்டு எடுத்தாள்:

"எண்ணெயில மெதக்கவிட்டா, எந்தம்பி நெஞ்சடைக்க,
உப்பள்ளிப் போட்டாளே, ஊருசனம் பாத்திருக்க!"

கூட உட்கார்ந்திருந்த பெண்கள் ரஞ்சிதத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே, "கருவாட்டுக் கொழம்பு வச்சா தெருவே மணக்கும்" என்றாள். போன மாதம் கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்து அந்தக் குழம்பை வாங்கிப்போனவள் அவள்தான். ரஞ்சிதத்துக்கு அழுகை வரவில்லை. இந்தக் கூட்டத்தின் எதிரில் அழுவது என்றால், நடுத்தெருவில் சேலையை அவிழ்ப்பதுபோல இருந்தது அவளுக்கு.

உண்மை அவளுக்குத் தெரியும். செல்லம்மாளுக்கும் தெரியும்.

காப்பு கட்டிய அன்று காலையில் செல்லம்மாள் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தாள். யாரோ அனுப்பிய வீடியோ. "இத பாருடா தம்பி. நீ முழுங்குறியே குழா மாத்திரை, மேல கண்ணாடி மாரி பளபளன்னு இருக்குதே, அது மாட்டெலும்பக் காச்சி செய்றதாம். காப்பு கட்டுன வாயில அதப் போட்டா ஆத்தா சும்மா வுடுவாளா?" அவ்வளவுதான். டாக்டர் சொன்னதை நம்புவதற்கு அரங்கநாதனுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று எல்லாம் வேண்டியிருந்தது. அக்காள் சொன்னதை நம்ப ஒரு செல்போன் போதும். மாத்திரையை அன்றோடு நிறுத்தினார்.

ரஞ்சிதம் மல்லுக்கு நின்றாள். "மேல் தோல வுட்டுட்டு உள்ள இருக்குற மருந்த மட்டும் தின்னுங்க" என்றாள். "கவுச்சி பட்டது பட்டதுதான்" என்றார். காப்புக்காரர்கள் கோயிலிலேயே தங்கி ஒருவேளைப் பொங்கல்தான் சாப்பிடவேண்டும். அவள் மாத்திரையைப் பிரித்து மோரில் கலந்து கோயிலுக்கே எடுத்துப்போனாள். ஒரு வாய் குடித்தவர், கசப்பைக் கண்டுபிடித்து, அத்தனை பேர் எதிரிலும் சொம்பை மண்ணில் கவிழ்த்தார். "என் விரதத்தக் கெடுக்கப் பாக்குறியாடி?" அதற்குப் பிறகு அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கவில்லை. பீடியையாவது விட்டாரா என்றால், ஆமாம், அதை மட்டும் விட்டிருந்தார். டாக்டர் கெஞ்சியும் விடாததைக் கயிற்றுக்காக விட்டார்.

சேரனுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியும் பார்த்தாள். அங்கேதான் அவர் அவள் வாயை அடைத்தார். வேண்டுதலே சேரனுக்காகத்தான். அவன் மனைவி கவிதாவுக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்துபோயிற்று. இது மூன்றாவது. ஐந்து மாதம் தாண்டி நிற்கிறது. "தங்கிச்சின்னா தீ மிதிக்கறேன்னு ஆத்தாகிட்ட சொன்னேன். தங்கிடுச்சு. மிதிச்சி முடிக்கிற வரைக்கும் அவுங்க ரெண்டு பேருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா பலிக்காது" என்று அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். கவிதாவின் வயிறு என்றதும் ரஞ்சிதத்துக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டாள்.

இன்று விடியலில் குளத்தில் முழுகி எழுந்தவர், ஈர வேட்டியோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு செஞ்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கிருந்த டாக்டர் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். "ஸ்டென்ட் வச்சவரா? மாத்திரை சாப்ட்டுட்டு இருந்தாரா?" என்று கேட்டார். இல்லை, காப்பு கட்டியதிலிருந்து நிறுத்திவிட்டார் என்றாள் ரஞ்சிதம். டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "ஏற்கெனவே சுருங்கின எடம். மாத்திரையும் இல்லன்னா ரத்தம் கட்டி மொத்தமா அடைச்சிக்கும்மா" என்றார். பக்கத்தில் நின்று செல்லம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் ரஞ்சிதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளிய சொல்லிடாத ரஞ்சிதம், என்னியக் கொன்னுடுவாங்க" என்று கும்பிட்டாள். வீட்டு வாசலில் இறங்குவதற்குள் அவளுக்கு வேறு காரணம் கிடைத்துவிட்டது. போனில் சேரனிடமே, "உங்கம்மா வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டே அனுப்பிட்டாடா" என்று அழுதாள். ரஞ்சிதம் பக்கத்து அறையில் நின்று அதைக் கேட்டாள்.

அப்போதே முடிவு பண்ணிவிட்டாள். சேரன் வரட்டும். இத்தனை பேர் எதிரிலும் சொல்லவேண்டும். செல்லம்மாளின் செல்போனைப் பிடுங்கி அந்த வீடியோவையே போட்டுக்காட்டவேண்டும். பெற்ற பிள்ளை தன்னைக் கொலைகாரியாகப் பார்த்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்ட அவளால் முடியாது. புருஷன் போய்விட்டார். பிள்ளைக்கு முன்னால் தலைநிமிர்ந்து உட்காருவதாவது மிஞ்சவேண்டும்.

கார் வந்து நின்றபோது மணி மூன்றுக்கு மேல் ஆகிவிட்டது. சேரன் இறங்கி நேரே உள்ளே வந்து, அப்பனின் காலில் முகத்தை வைத்துக்கொண்டான். கவிதாவை வாசலிலேயே மறித்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக்கூடாதாம். எதிர்வீட்டு மஞ்சு தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ரஞ்சிதம் மகனை அழவிட்டுவிட்டு, கவிதாவைப் பார்க்கத் தெருவைக் கடந்தாள்.

மஞ்சு வீட்டு வராந்தாவில் இரண்டு பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரஞ்சிதம் வருவதைக் கவனிக்கவில்லை.

"மொத ரெண்டும் தங்கல. இது தங்கிச்சு. தங்குனது தாத்தன முழுங்கிட்டுத்தான் வெளிய வரும் போல."

"வந்த வேளை அப்டி. இன்னும் யாரு யாருக்கு இன்னா வச்சிருக்குதோ."

ரஞ்சிதம் செருமினாள். இருவரும் உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காறித் துப்பலாம் போலிருந்தது. மெனக்கெட்டுத் துப்புவதற்குக்கூட லாயக்கில்லாத மூஞ்சிகள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கவிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. அத்தையைக் கண்டதும் முகம் கோணிக்கொண்டது.

"அத்தே, மாமா காப்பு கட்டியிருந்தாராமே, எதுக்கு?"

"ஏம்மா கேக்குற?"

"போன வாரம் போன் பண்ணாரு. டாக்டர் இன்னா சொன்னாங்க, கொழந்த நல்லா இருக்குதான்னு கேட்டுட்டு, 'நான் பாத்துக்கறேன், நீ கவலப்படாத'ன்னு சிரிச்சாரு. எனக்கு அப்பலேர்ந்து ஒரு மாரி இருக்குது. வெளிய அவங்க பேசறது காதுல விழுது அத்தே. எனக்காகத்தான் கட்டுனாரா?"

ரஞ்சிதம் அவளைப் பார்த்தாள். இரண்டாவது முறை கலைந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இந்தப் பெண் மூன்று நாள் யாரோடும் பேசாமல் கிடந்தாள். செல்லம்மாள் வந்து பார்த்துவிட்டு, ராசியில்லாத வயிறு என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். இப்போது உண்மையைச் சொன்னால், செல்லம்மாளின் பேர் ஒரு வாரம் கெடும். அதற்குப் பிறகு ஊர் வீடியோவை மறந்துவிடும். வேண்டுதலை மறக்காது. யாருக்காகக் காப்பு, யாருக்காக மாத்திரையை நிறுத்தினார் என்பது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் கூடவே போகும்.

"கோயில் கமிட்டியில பேரு குடுத்துட்டாரும்மா, ஜம்பத்துக்கு" என்றாள் ரஞ்சிதம். "மலை ஏறி போட்டோ எடுக்கல? அதுமாரி. உனக்காக ஒண்ணும் இல்ல. ஒரு வாய் தண்ணி குடி."

அவள் திரும்பி வந்தபோது சேரன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத முகம். ராமகிருஷ்ணன் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தார்.

"தம்பி, நான் அனுபவப்பட்டவன் சொல்றேன். மாத்திரைய நிறுத்தாம இப்டி பொட்டுன்னு போவாது. ஒழுங்கா சாப்ட்டாரான்னு அம்மாவக் கேளு."

ஒப்பாரிக் குரல் தேய்ந்தது. செல்லம்மாள் மார்பில் வைத்த கையை எடுக்காமல் ரஞ்சிதத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு கெஞ்சலை அந்த முகத்தில் ரஞ்சிதம் அதற்குமுன் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருக்கும் என்று காலையிலிருந்து நினைத்திருந்தாள். ஒரு சந்தோஷமும் இல்லை. அருவருப்பாக இருந்தது.

"யம்மா" என்றான் சேரன். "நைனா மாத்திரை சாப்ட்டுச்சா, இல்லியா?"

கூடம் முழுக்க அவள் வாயைப் பார்த்தது.

"சாப்ட்டாரு" என்றாள் ரஞ்சிதம். "ஒரு வேள தவறாம நான்தான் குடுத்தேன். கோயிலுக்கே எடுத்தும் போய் குடுத்தேன்."

"அப்ப எப்டிம்மா அடைச்சிக்கும்?"

"சொல்றாங்க இல்ல உங்கத்த? என் சமையல்தான். கருவாடு கேட்டாரு, ஆக்கிப் போட்டேன். எண்ணெய்ல பொரிச்சது கேட்டாரு, பொரிச்சிப் போட்டேன். டாக்டரு தலப்பாடா சொன்னாரு, நான்தான் கேக்கல."

சேரன் அவளையே பார்த்தான். எழுந்து, அவளைச் சுற்றிக்கொண்டு, வாசலுக்குப் போய்விட்டான். சின்ன வயதில் அடித்தால்கூட அவள் முந்தானையைத்தான் பிடித்துக்கொண்டு அழுவான். ரஞ்சிதம் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

கூடத்தில் ஒரு பெருமூச்சு பரவியது. "நான் நெனச்சேன், எண்ணெதான்" என்று ராமகிருஷ்ணன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். அவர் வீட்டில் எண்ணெய் சேர்ப்பதில்லை. முகத்தில் சாப்பாட்டுக் களை வந்துவிட்டது. தங்கராஜ் வாட்சைப் பார்த்துவிட்டு, பாடை கட்டுகிறவர்களுக்குக் குரல் கொடுத்தார். கருவாட்டுக் குழம்பு வாங்கிப்போனவள், "பாவம், அதும் இன்னா பண்ணும், ஆசையா கேட்டாரு" என்று பெரிய மனசு பண்ணினாள்.

செல்லம்மாள் மட்டும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு வரியும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் தோளைத் தொட்டு உலுக்கியும் வரவில்லை. கண் மட்டும் ரஞ்சிதத்தின் மேலேயே இருந்தது.

"இன்னாத்துக்கு அண்ணி நிறுத்திட்டீங்க?" என்றாள் ரஞ்சிதம். "அழுங்க."

அரங்கநாதனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி நெகிழ்ந்து, பாதம் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. அவள் குனிந்து அவற்றை ஒன்றாகச் சேர்த்து, துணியை இறுக்கி முடிந்தாள்.